கயிற்றுத்துறை

தை மாதத்து ஆற்றுத் தண்ணீர் இருக்கிறதே, அது காலை நனைப்பதில்லை, கடிக்கிறது. கலாராணி இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை மேலே தூக்கிச் செருகினாள். கூடையை முதுகோடு இறுக்கினாள். கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு முதல் கல்லில் கால் வைத்தாள். கல் வழுக்கியது. பெருவிரலை ஊன்றி நின்றுகொண்டு அடுத்த காலால் தண்ணீருக்குள் துழாவினாள். பனிமூட்டத்தில் முன்னால் போகிறவளின் கூடை மட்டும்தான் தெரிந்தது. நனைந்த கயிறு உள்ளங்கையை அறுத்தது. இன்னும் சரியாக விடியவே இல்லை, அதற்குள் உடம்பிலிருந்து பாதி நாள் உழைப்பு போய்விட்டது. இதற்கெல்லாம் யாரும் சம்பளம் தருவதில்லை. அக்கரைப் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கச் சங்கு ஊதும்போது அங்கே நிற்க வேண்டும். பிந்திப் போனால் அரைப்பேர்தான். அதாவது பொழுது சாயும்வரை கொழுந்து பறித்தாலும் அரைநாள் கூலி.

பதுளை டவுன் கடைத்தெரு முடிந்து, ஆறு வளைகிற இடம் அது. இக்கரையில் டவுனை ஒட்டிக் கீழ்க்கணக்கு என்ற தோட்டப் பிரிவின் லயங்கள், வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். அக்கரையில் தேயிலை மலை, கொழுந்து அரைக்கும் ஸ்டோர், பெரட்டுக்களம், தோட்ட மேலாளரான துரையின் பங்களா, அதற்கும் மேலே மேல்கணக்கு லயங்கள். நடுவில் ஒரு கம்பிப் பாலம் இருந்தது. போன கார்த்திகைப் பெருமழையில் ஆறு அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பாலம் எங்கே என்று கேட்டால் தோட்டம் அரசாங்கக் கந்தோரைக் காட்டியது, கந்தோர் தோட்டத்தைக் காட்டியது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கயிற்றைக் காட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஊர் சுற்றிப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற பங்களாவுக்குப் போகும் பாதைக்கு மட்டும் மழை விட்டதுமே கொங்கிரீட் விழுந்துவிட்டது. டவுன் பாலத்தால் சுற்றி வரலாம்தான். சுற்றி வந்தால் பெரட்டு முடிந்துவிடும்.

அந்த இடத்துக்குக் கயிற்றுத்துறை என்று பெயர். இரும்புப் பாலம் நின்ற அத்தனை காலமும் அதே பெயர்தான். கயிறே இல்லாத இடத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று எவரும் கேட்டதில்லை. பெயரோடு ஒரு வழக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக அக்கரை ஏறுகிற ஆள் ஆற்றைத் திரும்பிப் பார்த்து, "வாங்க! எல்லாரும் வாங்க!" என்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். பின்னால் ஈ காக்காய் இருக்காது. இருந்தாலும் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் போன அன்றைக்கு மலையில் ஏதாவது நடக்கும் என்பார்கள். கூப்பிட்டபின் நின்று கேட்கக் கூடாது, விறுவிறுவென்று மேட்டில் ஏறிவிட வேண்டும். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? அது யாருக்கும் தெரியாது. "யாரைம்மா கூப்பிடுறோம்?" என்று சின்ன வயதில் கேட்டு, கலாராணி அவள் அம்மாவிடம் நறுக்கென்று ஒரு குட்டு வாங்கியிருக்கிறாள்.

கயிற்றுக்குக் காவல் முருகையா, மேல்கணக்கு ஆள். விடியுமுன் இரு கரையிலும் கயிற்றைக் கட்டுவது அவர் வேலை. எல்லாரும் கடந்ததும் அக்கரை மரத்தில் உள்ள முடிச்சை உடனே அவிழ்த்துவிட வேண்டும். மிதந்து வரும் கட்டை மாட்டினால் கயிறு போய்விடும், கயிறு தோட்டத்துச் சொத்து. இது துரையின் உத்தரவு. மூட்டத்தில் யார் கடந்தார்கள், யார் கடக்கவில்லை என்று முருகையாவுக்கு எப்படித் தெரியும்? கடைசி ஆள் கூப்பிடுகிற அந்தச் சத்தம்தான் அவருக்குக் கணக்கு.

அன்றைக்குக் கலாராணி கரையேறித் திரும்பிப் பார்த்தாள். வெறும் வெள்ளை மூட்டம். கூட வந்த ரெங்கம்மா அக்கா முன்னாலேயே போய்விட்டாள் என்றுதான் நினைத்தாள். ரெங்கம்மாவோ படங்குக் கயிறு அவிழ்ந்து, அதை இறுக்கிக் கட்டுவதற்காக இக்கரையில் நின்றுவிட்டு, அப்போதுதான் தண்ணீரில் இறங்கியிருந்தாள். அது யாருக்கும் தெரியாது.

"வாங்க! எல்லாரும் வாங்க!"

முருகையா முடிச்சை அவிழ்த்தார்.

ஆற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது. "வர்றேன்... இரு, வர்றேன்!"

ஐயோ, அந்த நேரத்தை என்னத்தைச் சொல்ல! ஒருத்திக்கும் அது ரெங்கம்மாவின் குரலாகக் கேட்கவில்லை. காலங்காலமாக எதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ அது பதில் சொல்லிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். இரண்டு பேர் கூடையைப் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கலாராணி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கயிறு தண்ணீரை அடிக்கிற சத்தமும் அதன் பின்னால் ஓர் அலறலும் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

"அக்கா! ஐயோ, ரெங்கம்மா அக்கா!"

ஆறு ரெங்கம்மாவைச் சுழற்றிக் கொண்டுபோய் இக்கரை வளைவில் மோதியது. பெருமழை கரையை அரித்ததில் அங்கே பழைய கருங்கல் படிகள் வெளியே வந்திருந்தன. மேல்படியில் கைத்தடிமன் இரும்பு வளையம் ஒன்று பதிந்திருந்தது. அதை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ரெங்கம்மாவின் கை அந்த வளையத்துக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஆற்றங்கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஹுமைத்தும் கடைக்கு வந்திருந்தவர்களும் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக மடிந்து கிடந்தது.

*

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் துரை வந்தான். இளவயதுக்காரன், சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கலாராணியைத் தனியே கூப்பிட்டான்.

"நாளைக்கு விசாரிக்க ஆள் வரும். என்ன சொல்லுவ?"

"நடந்ததச் சொல்லுவேங்க."

"என்ன நடந்துச்சு? முருகையா குடிச்சிருந்தான். ஆள் ஆத்துல இருக்கும்போதே கயித்த அவுத்துட்டான். அதுதான் நடந்துச்சு."

"அவரு குடிக்கிறதில்லீங்க."

"இன்னைக்குக் குடிச்சான்."

கலாராணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். "பாலம் இல்லாததச் சொல்லலாங்களா?"

"பாலத்தப் பத்தி யாரு உன்கிட்ட கேட்டது?"

"யாரும் கேக்கலீங்க. அதனாலதான் இன்னைக்கு ஆத்துல போனோம்."

துரையின் முகம் சிவந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை. அவன் கெட்டிக்காரன். "நீ கூப்பிட்டதாலதானே அவன் அவுத்தான்? உன்னையும் பிடிக்கலாம். நான்தான் வேண்டாம்னு பாக்கிறேன். முருகையாவச் சொன்னா நீ தப்புவ. சொல்லலன்னா வேலைப் பட்டியல்ல இருந்து உன் பேர வெட்டுவேன். பேர் போனா லயத்துக் காம்பராவையும் விடணும். புள்ளைகளோட எங்க போவ, யோசிச்சுக்க. நாளைக்கும் கயிறு கட்டியிருக்கும், எல்லாரும் நேரத்துக்கு வாங்க."

அவன் போய்விட்டான். அவளுக்கு மிஞ்சியது காலையில் கூப்பிட்ட குரல்தான், "வாங்க! எல்லாரும் வாங்க!" அது அவள் குரலேதான். கொழுந்தைக் கிள்ளுகிற ஒவ்வொரு தடவையும் அது காதுக்குள் கேட்டது. தேயிலைச் செடி நிறை திரும்புகிற இடத்தில் பின்னால் யாரோ ஈரக்காலோடு நடந்து வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. ஆனாலும் மீதிப் பொழுது முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் பறித்தாள்.

*

பின்னேரம் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டவுன் பாலத்தின் மேல் நடந்தபோது கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

வார்டு வாசலுக்கு வெளியே, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு முருகையா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, உள்ளே போகக் கால் வரவில்லை. அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"அண்ணே, உள்ள வாங்க."

"எந்த மூஞ்சியோட வர்றது தங்கச்சி? இந்தக் கைதானே அவுத்துச்சு." அவர் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "துரை என்னைக் கூப்பிட்டு விட்டான். கலாராணி வேணும்னே வெளையாட்டுக்குக் கூப்பிட்டாள்னு சொல்லு, உன்னைக் காப்பாத்துறேங்குறான்."

கலாராணி அவர் கிட்டே போனாள். "என்கிட்ட, நீங்க குடிச்சிருந்தீங்கன்னு சொல்லச் சொல்றான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட சண்டாளா! ஒரே நாளில், ஒரே வாயால், இரண்டு பேரிடமும்!

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். நீ?"

"நானும் முடியாதுன்னு சொல்லல." அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவரும் தலையாட்டினார். பிள்ளை குட்டிக்காரர்கள், காம்பராவை விட்டால் நாதியற்றவர்கள், அரைப் பகல் முழுவதும் யோசித்துத்தான் இருக்கிறார்கள். அதில் பெருமை ஒன்றுமில்லை, அவமானமும் இல்லை. அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

காலில் மாக்கட்டோடு ரெங்கம்மா படுத்திருந்தாள். பக்கத்தில் ஹுமைத், ஒரு பிளாஸ்கோடு. கலாராணி கட்டில் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

"அடியே, நான் இன்னும் சாகல. ஒப்பாரிய மிச்சம் வையி," என்றாள் ரெங்கம்மா. குரல் பாதிதான் வந்தது. "என்ன முருகையாண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்க? உக்காருங்க."

"நான் கூப்பிட்டுட்டேன்க்கா. நீங்க பின்னால வர்றது தெரியாம கூப்பிட்டுட்டேன். நீங்க பதில் சொன்னதும் பேய்னு பயந்து நின்னுட்டேன்."

"நானா பேய்? உனக்கு இருக்கு, எந்திரிச்சு வர்றேன்." சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. கொஞ்சம் பொறுத்து, கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "ராணி, தண்ணிக்குள்ள போனேன் பாரு, காலை யாரோ பிடிச்சாங்க. ஒரு கை இல்ல, நெறையக் கை. கீழ இழுக்கிறாங்கன்னுதான் நெனச்சேன். இழுக்கல. தூக்கித் தள்ளினாங்க. நேரா அந்த வளையத்துக்கிட்ட கொண்டாந்து தள்ளினாங்க."

ஆற்றின் சுழி அப்படித்தான் தள்ளும் என்று ஒருவன் சொல்லலாம். சொல்லட்டும். அந்த வார்டில் இருந்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

ஹுமைத் பிளாஸ்க் மூடியை மூடிவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினான். "அந்த வளையம் என்னத்துக்குன்னு எங்க வீட்டுல தெரியும் தங்கச்சி. நான் கண்டதில்ல, இப்பதான் கண்டேன். எங்க மூத்தவாப்பாட, அதான் பாட்டன்ட, வாப்பா அந்தப் படியிலதான் உப்பும் கருவாடும் வித்தவராம். பாலமெல்லாம் வர முந்தின காலம். வளையத்துல கயித்தக் கட்டி, அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் அக்கரைக்குப் போறது. இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்து எறங்கி நடந்த சனமெல்லாம் அந்த வழியாத்தான் மலைக்குப் போனாங்களாம்."

"அதான் கயித்துத்தொறையா?" என்றார் முருகையா.

"அதுதான். ஒரு பெருமழை நாள், ஆறு நெறஞ்சு போகுது. அந்தக் காலத்துத் துரை குதிரையில நின்டுக்கிட்டு, இப்பவே கடங்கன்னானாம். பாதிப் பேர் கரையேறிட்டாங்க. பாதிப் பேர் தண்ணியில. கயிறு அறுந்துச்சா, அவுத்துட்டாங்களா, தெரியா."

"எத்தன பேரு, ஹுமைத் நானா?" என்றாள் கலாராணி.

"அதக் கேக்காதீங்க. அவங்கட பேர ஒருத்தரும் எங்கயும் வச்சிருக்கல்ல. எங்க உம்மா ரஹ்மத்தும்மா வருஷம் ஒருக்கா கஞ்சி காச்சி ஏழைங்களுக்குக் குடுப்பாங்க. யாருக்குன்னு கேட்டா, 'கயித்துல போனவங்களுக்கு'ன்னுவாங்க. அம்புட்டுதான் மிச்சம்."

கலாராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆக, கூப்பிட்டது இவர்களைத்தானா? தன் அம்மாவும் அம்மாவுக்கு அம்மாவும் காலங்காலமாகத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டது இவர்களைத்தானா?

"கரையேறினவங்க? அவங்க என்ன செஞ்சாங்க?"

"அதத்தான் மூத்தவாப்பா அழுத்திச் சொல்லுவாரு. அவங்க மலைக்கு ஏறல்லயாம். கரையிலேயே குந்திக்கிட்டு, ஆத்தப் பாத்து 'வாங்க, வாங்க'ன்னு கூப்பிட்டபடியே இருந்தாங்களாம். சவுக்கால அடிச்சும் எழும்பல்லயாம். எங்காளுங்க வராம நாங்க வரமாட்டோம்னு ஒரே பிடி. அதுக்குப் பொறகுதான் தங்கச்சி அங்க முதப் பாலம் வந்துச்சு."

ரெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கலாராணி கட்டில் காலடியிலிருந்து எழுந்தாள். பேசியபோது அவள் குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது.

"அவங்க கூப்பிட்டுட்டு உக்காந்தாங்க. நாம கூப்பிட்டுட்டு நடந்துட்டோம். அம்புட்டையும் மறந்துட்டு, கூப்பிடுறத மட்டும் வச்சிருந்திருக்கோம்."

"அப்ப நாளைக்கு?" என்றார் முருகையா.

"நாளைக்கு நாங்க கடக்கமாட்டோம் அண்ணே. விசாரிக்க வர்ற ஆள் அந்தப் படிக்கட்டுக்கே வரட்டும். பாலம் இல்லாததச் சொல்லுவேன். பேர வெட்டினா வெட்டட்டும்."

"நீங்க இக்கரையில உக்காந்தா துரை என்ன செய்வான் தெரியுமா? எங்க மேக்கணக்கு ஆளுங்கள வச்சு எங்க மலை, உங்க மலை ரெண்டுலயும் கொழுந்து எடுப்பான். எங்களுக்கு ஆறு கடக்கிற வேலையே இல்லையே."

"அது அவனுக்குத் தெரியும். அதான் தைரியமா இருக்கான். உங்காளுங்க என்ன செய்வாங்க?"

மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் திருவிழாவில்கூட ஒத்துப்போகாது. காவடி எந்தப் பக்கத்தால் போவது என்பதில் வந்த சண்டையே இன்னும் தீரவில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்குப் போன் அடித்தால் மணி போகிறது, ஆள் வருவதில்லை. முருகையா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தெரியல தங்கச்சி. போய்க் கேக்கிறேன். ஆனா கயித்த இனி இந்தக் கை கட்டாது."

பொழுது சாய, கலாராணி லயத்துப் பீலியடிக்குப் போனாள். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் முன்னால் எல்லாவற்றையும் கொட்டினாள். துரை சொன்னதை, தான் முடியாது என்று சொல்லாமல் வந்ததை, கயிற்றில் போனவர்களை. ஒருத்தி பிள்ளைகளைச் சொல்லி அழுதாள். ஒருத்தி, "செத்தவங்களப் பேசாதடி, பொழுது போன நேரத்துல" என்று அதட்டினாள். காலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவள்தான் முதலில், "நான் வர்றேன்" என்றாள்.

*

மறுநாளும் அதே மூட்டம், அதே குளிர். கீழ்க்கணக்குப் பெண்கள் கூடையோடும் படங்கோடும் வேலைக்குப் போகிற கோலத்தில்தான் வந்தார்கள். தண்ணீரில் இறங்கவில்லை. கருங்கல் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வளையத்துக்குப் பக்கத்தில் ரெங்கம்மாவின் கூடையை வைத்தார்கள். ஆண்கள் பின்னால் நின்றார்கள். ஹுமைத் பெரிய கேத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் ஊற்றிக் கொடுத்தான்.

ஆற்றின் குறுக்கே கயிறு இல்லை. முருகையாவையும் காணோம்.

அக்கரையில் சங்கு ஊதியது. ஊதி அடங்கியதும் துரையின் குரல் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஆள் தெரியவில்லை.

"இன்னும் அங்க என்ன செய்றீங்க? கயிறு இல்லன்னா டவுன் பாலத்தால சுத்தி வாங்க!"

"பாலம் போடுங்க, வர்றோம்!" என்றாள் கலாராணி.

"அரைப்பேரும் இல்ல இன்னைக்கு! கேக்குதா? மேக்கணக்கு ஆளுங்க ரெண்டு மலையையும் எடுப்பாங்க. நீங்க அங்கயே கெடங்க!"

படியில் ஒரு சலசலப்பு. கைக்குழந்தைக்காரி ஒருத்தி கூடையை இழுத்துத் தோளில் போட்டாள். அவள் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். இப்போது இரண்டு பேர் சுற்றிப் போகக் கிளம்பினால் போதும், எல்லாம் தண்ணீரோடு போய்விடும். காம்பரா, பிள்ளைகள், ரெங்கம்மாவின் கால், எல்லாம். என்ன சொல்லித் தடுப்பது? ஒன்றும் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான்.

கலாராணி எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, அக்கரையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வாங்க! எல்லாரும் வாங்க!"

இக்கரையிலிருந்து அந்தக் குரல் போவது அதுதான் முதல் தடவை. மலையில் மோதி, அது மெலிந்து அவளிடமே திரும்பி வந்தது. பிறகு ஆற்றின் இரைச்சல் மட்டும்தான். எழுந்து நின்ற பெண்கள் நகராமல் நின்றார்கள். பின்னால் எவளோ முருகக் கடவுளை வேண்டிக்கொண்டாள்.

கலாராணி மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் உடைந்தது. "வாங்க... எல்லாரும் வாங்க..."

முதலில் ஒரு குரல்தான் வந்தது. ஆம்பிளைக் குரல், கரகரப்பாக. "வர்றோம் தங்கச்சி!"

பிறகு பல குரல். மேட்டுக்கு மேலே, தேயிலைக்குள்ளிருந்து, சறுக்குப் பாதையிலிருந்து. "வந்துட்டோம்! வந்துட்டோம்!" மூட்டத்துக்குள் முதலில் கூடைகள் தெரிந்தன, பிறகு தலைகள், பிறகு கெண்டைக்கால் வரை சேறான கால்கள். மேல்கணக்கு முழுக்க இறங்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் முருகையா, வெறுங்கையோடு. துரை எதையோ கத்தினான், அது யார் காதிலும் விழவில்லை. அவர்கள் அவனைக் கடந்து வந்து அக்கரை விளிம்பில், தண்ணீர் பாதத்தைத் தொடுகிற இடத்தில், வரிசையாகக் குந்தினார்கள்.

நடுவில் பாலம் இல்லை. நாளைக்கும் இருக்காது. பேர் வெட்டுவார்களோ, காம்பராவைப் பூட்டுவார்களோ, பொலிஸ் வருமோ, எதுவும் தெரியாது. விசாரிக்க வருகிற ஆள் வருவானா என்பதுகூடத் தெரியாது.

பதில் வந்தால் என்ன செய்வது என்று இத்தனை காலம் இந்தத் துறையில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. இன்றைக்கு யாரும் ஓடவில்லை. கைக்குழந்தைக்காரி கூடையைத் தோளிலிருந்து இறக்கி, ரெங்கம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.